கிடை வயலில் தண்ணீர்

நெல் தரகு செய்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது கொட்டாவி விடுவது. மூட்டை மழையில் நனைந்து முளை கட்டிக்கொண்டிருக்கும். வாங்க வந்தவன் எதிரே நிற்பான். அப்போதும் 'என்ன அவசரம், பாத்துக்கலாம்' என்று வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட வேண்டும். தேவையைக் காட்டினவன் கெட்டான். புளியந்திடல் காலனி சாமிதுரை இருபது வருஷம் இந்தக் கொட்டாவியை வைத்தே பாபநாசம் வட்டாரத்தில் பிழைத்தவன்.

அப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை மனசில் இருந்ததை அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டு, ஆர்.டி.ஓ. என்கிற கோட்டாட்சியர் ஆபீசில் கொடுத்துவிட்டான். அந்த மனுவுக்கு இன்றைக்கு விலை பேசுகிறார்கள். விலை, முப்பத்து நாலு வீடு.

தங்கச்சி காத்தாயியின் மூத்த பெண் அம்சம் போன தையில் ரத்தப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். ஆறு வயசு. காலனிக்கு நேர் மேலே உயர் அழுத்த டவர் லைன் போகிறது. மழை நாளில் தேனீக்கூடு மாதிரி இரையும். கம்பிக்கும் அந்த வியாதிக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி யாரோ பேப்பரில் படித்ததாகச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து காத்தாயிக்கு ஒரே கேள்வி. "அந்தக் கம்பிதானா அண்ணே? அது மட்டும் தெரிஞ்சா போதும்." சோறு இறங்காமல் கேட்கிற தங்கச்சியிடம் கொட்டாவி விட எந்த அண்ணனாலும் முடியாது. எழுதினான்: 'எங்கள் குடியிருப்பின் மேல் செல்லும் மின்பாதையால் உயிருக்கு ஆபத்து உள்ளதா என்று ஆராய்ந்து சொல்ல வேண்டுகிறோம்.'

மனுவின் நகல் எப்படியோ பெரிய பண்ணை தியாகேசன் கைக்குப் போனது. புளியந்திடல் அவர் அப்பா காலத்துப் பண்ணை நிலம். எழுபத்து மூன்றில் நில உச்சவரம்புக்கு மேல் என்று அரசாங்கம் எடுத்து, கொடி பிடித்துச் சிறைக்குப் போன கூலிக்காரர்களுக்கு மனைப்பட்டாவாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கோட்டையில் எத்தனையோ தடவை கட்சி மாறிவிட்டது. தியாகேசனின் வழக்கு மட்டும் மாறவில்லை. இப்போது புறவழிச்சாலை அந்தப் பக்கமாக வரப்போகிறது என்று பேச்சு. இத்தனை வருஷம் தோற்ற வழக்குக்கு சாமிதுரையே புதுச் சாட்சி எழுதிக் கொடுத்துவிட்டான். 'ஆபத்து என்று குடியிருப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வீடு கட்டத் தகுதியில்லாத இடத்துக்கு மனைப்பட்டா செல்லாது. அவர்களைக் குடமுருட்டிப் படுகைக்கு மாற்றிவிட்டு நிலத்தைப் பழைய கைக்கே திருப்ப வேண்டும்' என்று அவருடைய வக்கீல் எழுதினார். குடமுருட்டிப் படுகை என்றால் தண்ணீர் வருகிற வருஷம் முதலில் முழுகுகிற இடம்.

ஆகவே இன்று, இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலனியை அளக்க ஆள் வந்திருக்கிறது.

வந்தது டாக்டர் மரியபுஷ்பம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவர். டெல்டாவில் இந்த வியாதி வந்த பிள்ளைகளின் வீடுகளையும், வராத பிள்ளைகளின் வீடுகளையும் இரண்டு வருஷமாக அளந்துகொண்டிருக்கிறார். கையில் சோப்புப் பெட்டி அளவில் மஞ்சளாக ஒரு கருவி. காலை ஒன்பது மணிக்குக் காத்தாயி வீட்டுப் பின்னறைக்குள் போய், "பாப்பா எங்கம்மா தலை வச்சுப் படுப்பா?" என்று கேட்டார்.

காத்தாயி பின்சுவரைக் காட்டினாள். அந்த இடத்துக்கு மேலே இப்போது இரண்டு வயசுச் சின்னவள் தங்கத்தின் தூளி தொங்கியது. கருவியைச் சுவரோரம் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார் டாக்டர்.

"புள்ளி ஒண்ணு அஞ்சு மைக்ரோ டெஸ்லா."

"நெறையவா கம்மியாம்மா?"

"கம்மிதான். வெளிநாட்டுல நிறைய பிள்ளைங்களைக் கணக்கெடுத்ததுல, புள்ளி நாலுக்கு மேல இருந்த வீடுகள்ல இந்த வியாதி ரெண்டு பங்கு மாதிரி தெரிஞ்சிருக்கு. அதுவும் கம்பியாலதான்னு யாரும் அடிச்சுச் சொல்லல. இருக்கலாம்கிற பட்டியல்ல வச்சிருக்காங்க."

"ஆமான்னும் இல்ல, இல்லைன்னும் இல்ல," என்றான் சாமிதுரை. "எங்க தொழில்ல இதுக்குப் 'பாக்கலாம்'னு பேருங்க. அதை வச்சு எத்தனை லோடு வாங்கியிருக்கேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரிய பண்ணை ஏஜெண்டு இராஜாங்கம்தான் சிரித்தார். "அவ்வளவுதானா?" என்று கேட்டார். பிறகு டீயைப் பாதியில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

சாமிதுரை அந்தக் கிளாசையே கொஞ்ச நேரம் பார்த்தான். ஓசி டீயைப் பாதியில் வைக்கிற ஏஜெண்டை அவன் கண்டதில்லை.

பதினொரு மணிக்கு ஜீப்பில் ஆர்.டி.ஓ. வந்தார். எல்லார் முன்னிலையிலும் மறுபடி அளந்து, கண்டதை மகஜராக எழுதிக் கையெழுத்து வாங்குவது ஏற்பாடு. ஒரு மணிக்குத் தஞ்சாவூரில் மீட்டிங் இருப்பதாக இறங்கும்போதே சொல்லிவிட்டார். இராஜாங்கமும் திரும்பி வந்து, வெள்ளைக் கைக்குட்டையைக் கழுத்தில் சொருகிக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி முன்வரிசையில் நின்றார்.

டாக்டர் அதே சுவரோரம் கருவியைப் பிடித்தார். நெற்றி சுருங்கியது. அணைத்துவிட்டு மறுபடி போட்டார். இன்னொரு முறையும்.

"எவ்வளவுங்க?" என்றார் ஆர்.டி.ஓ.

"ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"உங்க வரம்பு?"

"வரம்புன்னு இல்ல சார், ஆராய்ச்சியில பார்க்கிற கோடு. புள்ளி நாலு."

"அப்ப தாண்டிடுச்சு."

பக்கத்து வீட்டுப் பின்னறையில் புள்ளி ஒன்பது. அதற்கடுத்ததிலும் அப்படியே. முப்பத்து நாலு வீட்டுக் கண்ணும் சாமிதுரை மேல் வந்து விழுந்தது. நீலாம்பாள் பெரியம்மா மட்டும் மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "எழுதத் தெரிஞ்சவன் ஊருக்கு ஒருத்தன் இருந்தா போதும், சாமி."

இராஜாங்கம் வருத்தப்பட்டார். "நாங்க என்ன சொல்றோம்? புள்ளைங்க நல்லா இருக்கணும்னுதானே சொல்றோம். படுகையில காத்தோட்டமா இருக்கும்."

"இருக்கும்ங்க," என்றான் சாமிதுரை. "ஐப்பசியில மீனோட்டமாவும் இருக்கும்." சொல்லிவிட்டு, வெற்றிலையைத் துப்புகிறவன் மாதிரி வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். வாயில் வெற்றிலை இல்லை. அத்தனை கண்ணிலிருந்தும் தப்ப வேண்டும்.

பின்பக்கம் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. உளுந்து எடுத்த தாளடி வயலில், ஆட்டுக்கிடை போட்டிருந்த ராமநாதபுரத்துக் கீதாரி, கணுக்கால் தண்ணீரில் நின்று பண்ணை ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் கோடையில் இருநூறு முந்நூறு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து வயலில் மறிக்கிறவர். ராத்திரி முழுக்க ஆடு போட்ட எருவை மண்ணில் உழுது மறைக்கிற வரைக்கும் அந்த வயலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. மிராசுதார் முதல் குத்தகைக்காரன் வரை எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

"எட்டு நாளுக் கிடை அய்யா. உங்க ஏஜெண்டே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தாரு. அத்தனை எருவும் வடிகாலுக்குப் போகுது. வெள்ளாமை பாக்கிறவன் செய்யிற வேலையா இது?"

சாமிதுரை பார்த்தான். ஆட்டுப் புழுக்கை கறுப்பு மிளகு கொட்டினாற்போல் மிதந்து மிதந்து வடிகாலில் விழுந்தது. உழாத வயல். நாற்றங்காலும் இல்லை. அதற்கு அப்பால் பார்த்தால் பண்ணையின் ஏழு மோட்டாரும் ஓடுகின்றன. ஏழு குழாயும் வெறும் தாளுக்குத் தண்ணீர் கொட்டுகிறது. மேட்டூர் வறண்டு, நிலத்தடித் தண்ணீரை ஆழாக்குக் கணக்காக இறைத்துக்கொண்டிருக்கிற வருஷம் அது.

ஒருத்தன் தன் சரக்கைத் தானே கெடுத்துக்கொண்டால், அவனுக்கு அந்தச் சரக்கில் குறி இல்லை, வேறு எதிலோ என்று அர்த்தம். சாமிதுரை தலையைத் தூக்கினான். டவர் லைன் எங்கோ உயரத்தில் இருந்தது. ஏழு மோட்டாருக்கும் கரண்டு கொண்டுபோகிற பம்புசெட் லைன், தாழ்வாக, காலனியின் பின்சுவர்களை ஒட்டினாற்போல் போனது. காத்தாயி வீட்டுச் சுவருக்கும் கம்பிக்கும் பத்தடி இருந்தால் அதிகம்.

காலையில் மோட்டார் ஓடவில்லை. பாதி டீயை வைத்துவிட்டு ஏஜெண்டு போன பிறகுதான் ஓடுகிறது.

உள்ளே போய் டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டான். "அம்மா, பின்னாடி போற லைன்ல ஏழு மோட்டார் ஓடுது. அதனால இந்த நம்பர் ஏறுமா?"

டாக்டர் ஜன்னல் வழியே கம்பியைப் பார்த்தார். முகம் மாறியது. "ஏறும். கம்பியில எவ்வளவு கரண்டு ஓடுதோ அவ்வளவு. டவர் லைன்லயே கண்ணா இருந்துட்டேன். இதை ஆர்.டி.ஓ.கிட்ட சொல்லணும்."

"இப்ப சொல்லாதீங்க. சொன்னா ஏஜெண்டு நாத்தங்காலுக்குத் தண்ணிம்பாரு. மோட்டாரை நிறுத்துன்னா சாவி மொதலாளிகிட்டம்பாரு, மொதலாளி திருக்கடையூர்ல யாரோட அறுபதாம் கல்யாணத்துலயோ சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு. பேச்சு வளந்தா ஐயாவுக்கு மீட்டிங் ஞாபகம் வந்துடும். எழுதின நம்பரோட ஜீப் போயிடும்."

"அதுக்காக நான் பொய் சொல்ல முடியாது."

"பொய் யாரு கேட்டா? பன்னெண்டு மணிக்கு மோட்டாருக்கு வர்ற த்ரீ பேஸ் போயிடும், தானா மோட்டார் நிக்கும். வீட்டு லைட்டுக்கு மட்டுந்தான் கரண்டு. டவர் லைன் அப்பவும் அங்கேயேதான் இருக்கும். அதுவரைக்கும் நீங்க வேற வீடுகளை அளந்துக்கிட்டு இருங்க. கொஞ்சம் மெதுவா."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்தைந்து. "நான் எப்பவுமே மெதுவாத்தான் அளப்பேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வேப்பமர நிழலில் மேஜை போட்டு கிளார்க் மகஜரை முடிக்கிற கட்டத்தில் இருந்தார். சாமிதுரை பல நாள் தூக்கம் கெட்டவன் மாதிரி ஒரு கொட்டாவி விட்டான். பிறகு கை கட்டி நின்றான்.

"ஐயா, போகச் சொன்னா போறோம். ஆனா முப்பத்து நாலு பட்டா இருக்குங்க. ஒவ்வொண்ணோட நம்பரும், யாரு பேருல இருக்குன்னும் மகஜர்ல வரணும். நாளைக்குப் படுகையில எடம் கொடுக்கிறப்ப, நீ யாருன்னு கேட்டா என்ன காட்டுறது?"

"அதெல்லாம் தாலுகா ஆபீஸ்ல இருக்கும்பா."

"இருந்ததுங்க. எண்பத்து நாலு வெள்ளத்துல கட்டோட போச்சுன்னு தாசில்தாரே எழுதிக் கொடுத்திருக்காரு."

போகச் சம்மதிக்கிறவர்களிடம் இந்தச் சின்ன விஷயத்துக்கு மறுப்பதா என்று ஆர்.டி.ஓ. உட்கார்ந்தார். தகரப் பெட்டிகள் திறந்தன. பட்டாக்கள் வந்தன, பூச்சி அரித்தது, மஞ்சள் தடவியது, சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தது. சாமிதுரை ஒவ்வொன்றையும் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தான்.

"கண்ணுசாமி, தகப்பனார் பேரு பெரியநாயகசாமி. இல்லல்ல, அது பங்காளி. பெரியவரே, உங்க அப்பா பேரு என்ன?"

"எந்த அப்பா?" என்றார் காது மந்தமான கண்ணுசாமி.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இராஜாங்கம் சிரிக்கவில்லை. இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "ஐயாவுக்கு நேரமாகுது. இதை நாங்களே எழுதிக் கொண்டாந்து கொடுத்துடுறோம்."

"ஏஜெண்டய்யா எழுதினா எழுத்து அழகா இருக்கும்," என்றான் சாமிதுரை. "நெலந்தான் இருக்காது."

பதினொன்று ஐம்பதுக்கு இருபத்தேழு பெயர் ஆகியிருந்தது. பின்னால் மோட்டார்கள் இரைந்துகொண்டே இருந்தன. ஆர்.டி.ஓ. எழுந்துவிட்டார். "போதும். மிச்சத்தைக் கிளார்க் பார்ப்பார். கையெழுத்தைப் போடுங்க."

சாமிதுரையிடம் இனிச் சரக்கு இல்லை. கிளார்க் பேனாவை நீட்டினார். பேனாவை வாங்கினால் கையெழுத்துப் போட வேண்டும்.

காத்தாயி முன்னே வந்தாள். அண்ணனின் கணக்கு எதுவும் அவளுக்குத் தெரியாது. இடுப்பில் சின்னவளுடன் மேஜைக்கு நேரே நின்றாள்.

"எம்பொண்ணு பேரை எழுதலீங்களே."

ஆர்.டி.ஓ. அவளைப் பார்த்தார். "இது பட்டாதாரர் பட்டியல்ம்மா."

"அவளுக்காகத்தான மனு போட்டோம். அவ பேரே இல்லாம எப்படிங்க?"

ஆர்.டி.ஓ. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கிளார்க்கிடமிருந்து பேனாவை அவரே வாங்கிக்கொண்டார். "சொல்லும்மா."

"அம்சம். ஆறு வயசு. ஒண்ணாப்பு." காத்தாயி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எப்போது காய்ச்சல் கண்டது, எப்போது பல் ஈறில் ரத்தம் வந்தது, எத்தனை தடவை தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போனாள், தை எத்தனாம் தேதி. ஆர்.டி.ஓ. ஒன்றையும் விடாமல் எழுதினார். சாமிதுரை மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றான். தங்கச்சியின் அழுகையில் நேரம் எண்ணுவது தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் எண்ணினான்.

சட்டென்று சத்தம் நின்றது. ஏழும் ஒன்றாக. காலனிக் குழாயடியில் குடம் வைத்திருந்த பெண்கள் "போச்சுடி" என்றார்கள்.

"டாக்டரம்மா," என்றான் சாமிதுரை. "இன்னொருதரம்."

மரியபுஷ்பம் ஆர்.டி.ஓ.வையே பின்னறைக்குள் அழைத்துப்போய்க் கருவியை அவர் கையில் கொடுத்தார். "நீங்களே பிடிங்க சார்."

புள்ளி ஒன்று ஐந்து.

"கரண்டு போயிடுச்சா?" என்றார் ஆர்.டி.ஓ.

காத்தாயி சுவிட்சைப் போட்டாள். குண்டு பல்பு எரிந்தது. டாக்டர் ஜன்னலைக் காட்டினார். "டவர் லைன்ல எந்த மாத்தமும் இல்ல. நின்னது பின்னாடி இருக்கிற பம்புசெட் லைன். காலையில ஒன்பது மணிக்கும் இதே அளவுதான் எழுதியிருக்கேன்; அப்ப மோட்டார் ஓடல. நான் முதல்லயே கவனிச்சிருக்கணும்."

ஆர்.டி.ஓ. பின்பக்கம் போய்ப் பார்த்தார். கீதாரி சும்மா இருக்கவில்லை. எட்டு நாள் கிடையையும் அவரிடம் ஒப்பித்தார். ஆர்.டி.ஓ.வும் வயல் வைத்திருக்கிறவர் போலிருக்கிறது. மிதக்கிற புழுக்கையைப் பார்த்துவிட்டு இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினார். "கிடை போட்ட வயலுக்குத் தண்ணியா?"

இராஜாங்கம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். தோற்கிற நேரத்திலும் ஒரு சீட்டை மடியில் வைத்திருக்கிற ஆள் அவர்.

"தண்ணி கிடக்கட்டுங்க. இந்தக் கம்பம் யாரு அனுமதியில நிக்குதுன்னு கேளுங்க. தொண்ணூத்தஞ்சுல காலனி சார்பா கையெழுத்துப் போட்டது இதோ நிக்கிற சாமிதுரை. எங்க போர்லேந்து ஒரு குழாய் குடுத்தா, கம்பத்தைக் காலனிப் பக்கமே நட்டுக்கங்கன்னு பேசி முடிச்சாரு. காகிதம் எங்ககிட்ட இருக்கு."

அது நிஜம். சாமிதுரை தன் பேரங்களிலேயே பெருமையாகச் சொல்லிக்கொள்வது அதைத்தான். சும்மா கிடந்த பின்பக்கத்தைக் காட்டி, தீராத தண்ணீரை வாங்கினவன். கல்யாண வீடுகளில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்.

காத்தாயி அவனைப் பார்த்தாள். வேறு யாரும் பார்ப்பது அவனுக்குத் தெரியவில்லை.

"உண்மையா?" என்றார் ஆர்.டி.ஓ.

இல்லை என்றால், கம்பம் பற்றிய பேச்சு கோர்ட்டுக்குப் போகும். பத்து வருஷம் நிற்கும். ஆமாம் என்றால், கொடுத்த கையே திரும்ப வாங்கலாம்.

"ஆமாங்க. நான்தான். அந்த அனுமதியை இப்ப வாபஸ் வாங்குறேன். அதையும் மகஜர்ல எழுதிக்கங்க. குழாயும் வேண்டாம்."

குழாயடியில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

ஆர்.டி.ஓ. மூன்று அளவையும் நேரத்தோடு எழுதினார். டவர் லைனை வைத்துக் காலனியை அப்புறப்படுத்தக் காரணம் தென்படவில்லை, பம்புசெட் லைனைப் பண்ணை தன் வயலுக்குள் மாற்றிக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன் என்று முடித்தார். சாமிதுரை கையெழுத்துப் போட்டான். இராஜாங்கம் போடாமல் மோட்டார் சைக்கிளை உதைத்தார். மூன்றாவது உதையில்தான் அது கிளம்பியது.

நீலாம்பாள் பெரியம்மா பட்டாவைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகப் போனாள். போகிற போக்கில், "எழுதினதை நீயே அழிச்சுட்ட. குழாயையும் சேத்துல்ல அழிச்ச," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாமிதுரை தங்கச்சி வீட்டுக்குள் வந்தபோது டாக்டர் புறப்பட்டுக்கொண்டிருந்தார். காத்தாயி அவர் எதிரே நின்றாள்.

"அப்ப அந்தச் சின்னக் கம்பிதானாம்மா?"

"தெரியாதும்மா." டாக்டர் பையை மறுபடி கீழே வைத்தார். "ஆயிரம் பிள்ளைங்களைச் சேத்துப் பார்த்தா ஏதோ லேசாத் தெரியுது. ஒரு பிள்ளைக்கு ஏன் வந்துச்சுன்னு சொல்ற கருவி எங்கிட்ட இல்ல. யார்கிட்டயும் இல்ல. கம்பி இல்லாத வீட்டுலயும் வந்திருக்கு. நான் போயிருக்கேன்."

"முன்னறையில எவ்வளவு இருந்துச்சு?"

"மோட்டார் ஓடும்போதே புள்ளி ரெண்டுதான்."

டாக்டர் போன பிறகு காத்தாயி பின்னறைக்குள் போனாள். தூளியை அவிழ்த்தாள். கயிற்றோடு கொண்டுவந்து முன்னறை உத்திரத்துக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறினாள், எட்டவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கையைத் தூக்கி நின்றாள். பிறகு இறங்கி, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை நீட்டினாள்.

சாமிதுரை ஏறி, உத்திரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சைப் போட்டு இறங்கினான்.

காத்தாயி தூளியைப் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தரம் இழுத்தாள். பிறகு பக்கத்து வீட்டிலிருந்து உரலை உருட்டிக்கொண்டு வந்து, அதன் மேல் ஸ்டூலை வைத்து ஏறி, அவன் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டுத் தானே முதலிலிருந்து போட்டாள். அவன் ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றான். பிடிக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.